தொண்டை அடைத்திருந்த ஒரு மத்தியானம்

என் வாய்க்குள் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அது ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. வெதுவெதுப்பாக ஏதோ தொண்டையில் இறங்கியது. கனவில் பாயசம் குடிப்பதுபோல் அதை விழுங்கிக்கொண்டே கிடந்தேன்.

சபையில் என்னோடு சேர்ந்து பாடுகிறவர்களுக்கு என் குரல் தெரியும். அதை ஆண்டவர் எப்படிக் காப்பாற்றிக் கொடுத்தார் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும்.

1994ஆம் வருஷம். நானும் என் கணவர் தேவதாஸும் கீழ்க்கட்டளையில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். மாதம் தவறாமல் எனக்கு டான்சில் வீங்கும், காய்ச்சல் அடிக்கும். பாட முடியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியாது. ஜெபித்து ஜெபித்துச் சோர்ந்துபோயிருந்தேன்.

பல்லாவரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. "இப்பல்லாம் பெட்ல சேர வேண்டாம்மா. காலைல வாங்க, எடுத்துடலாம். மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் டாக்டர். அப்போது எங்கும் அதே பேச்சுதான். எங்கள் தெருவிலேயே ஒருவர் காலையில் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போய்விட்டு, சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். எங்களுக்கும் தைரியம் வந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது எல்லாம் மிதந்தது. "ரத்தம் வந்தா உடனே வந்துடுங்க" என்று டாக்டர் சொன்னார். யாரோ யாருக்கோ சொல்வதுபோல் கேட்டது. தேவதாஸ் அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அவருக்கு அது தெரியவே தெரியாது. வீட்டில் என்னைப் படுக்க வைத்துவிட்டு, "தூங்கு, ராத்திரி வந்துடறேன்" என்று ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

வெளியே மெல்லிய மழை. கட்டில் ஒரு படகுபோல் ஆடியது. மழைச் சத்தத்துக்குள் யாரோ பாடுவதுபோல் இருந்தது. இருமல் வந்தது. தலையணை சிவந்தது. அப்போதுதான் டாக்டரின் வார்த்தை எனக்கு உறைத்தது. எழுந்தேன். அறை சுழன்றது. கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. இப்படியே தூங்கிவிடலாம் என்று ஓர் ஆசைகூட வந்தது. இன்றைக்கும் அந்த ஆசையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மனதுக்குள் மட்டும் சொன்னேன்: ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்.

கதவு திறந்தது. கீழ் வீட்டு ருக்மணி அக்கா நின்றிருந்தார். என் முகத்தையும் தலையணையையும் பார்த்தார். புடவைத் தலைப்பால் என் வாயைத் துடைத்து, தோளில் சாய்த்து இறக்கினார். தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரர், "யக்கா, நீ அவங்கள புட்ச்சிக்கினு குந்து. நான் பாத்துக்கறேன்" என்றார். மழைநீர் தேங்கிய ரோட்டில் வண்டி பறந்தது. நான் அக்காவின் மடியில் வானத்தில் போய்க்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மறுபடி தையல் போட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

மறுநாள் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "தல வாரிட்டிருந்தேன் ஸ்டெல்லா. நீ ருக்மணிக்கான்னு கூப்ட்ட. தெளிவா கேட்டுச்சு. அதான் மேல வந்தேன்."

என் தொண்டையில் குரலே இல்லை. நான் அவர் பெயரைச் சொல்லவும் இல்லை. தினமும் முருகனைக் கும்பிடுகிற அந்த அக்காவின் காதில் என் ஆண்டவர் என்னுடைய குரலை வைத்தார். நான் அழுதேன். அக்காவும் அழுதார்.

ஒரே நாளில் வீடு திரும்புகிற ஆபரேஷனை நான் குறை சொல்லவில்லை. பலருக்கு அது நன்மைதான். ஆனால் அப்படி வருகிறவர்களைத் தனியே விடாதீர்கள். டாக்டர் சொல்வதை, மயக்கம் இல்லாத ஒருவர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். அன்றுமுதல் சபையில் யாராவது அப்படி வீடு திரும்பினால், முதல் நாள் நான் போய்க் கட்டில் பக்கத்தில் உட்காருகிறேன். அவர்கள் தூங்கும்போது மூச்சைக் கவனித்துக்கொண்டே ஜெபிக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இன்று வாய்விட்டுச் சொல்ல முடியாத பாரம் இருக்கலாம். மனதுக்குள்ளேயே சொல்லுங்கள். அவருக்குக் கேட்கும்.