எடை போட்ட ஃபைபர்

கடைத்தெருவில் என் வீட்டுக்காரரைச் 'செம்புக்காரர்' என்றால்தான் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக டெலிபோன் கேபிள் வியாபாரம். ஒரு துண்டைக் கையில் கொடுத்தால் போதும், உள்ளே எத்தனை ஜோடி செம்புக் கம்பி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். கல்யாண நாள் எது என்று கேட்டால் மட்டும் முழிப்பார்.

"செம்பு விலை ஏறிட்டே போகுது, பாத்தியா?" என்று தினமும் பேப்பரை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். ஏறுவது உண்மைதான். வாங்கத்தான் ஆள் இல்லை. எல்லாருக்கும் ஃபைபர் வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்பே இதைச் சொன்ன தம்பியோடு சண்டை போட்டுக் கடையையே பிரித்தார். பேச்சுவார்த்தையும் அன்றோடு நின்றது.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடம் ஃபைபர் கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் அவர்களுடைய மற்ற நான்கு கட்டடங்களும் எங்களுக்கு. இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். நச்சரித்து நான்தான் ஆர்டர் போட வைத்தேன்.

புதன்கிழமை ஃபைபர் கேபிள் சுற்றிய டிரம் வந்தது. நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, மனுஷர் அதைத் தராசில் ஏற்றியிருக்கிறார். கேபிளில் செம்பைக் குறைத்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். அவருக்குத் தெரிந்த ஒரே சோதனை அதுதான். ஒரு கிலோமீட்டர் கேபிள் அரை மூட்டை அரிசிகூடத் தேறவில்லை. "ஏமாத்துறானுங்க, உள்ள ஒண்ணுமே இல்ல" என்று வந்த லாரியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

"கண்ணாடி இழைங்க அது! தலைமுடி மாதிரி இருக்கும்!" என்று வீங்கிய கன்னத்தோடு கத்தினேன். கம்பெனிக்குப் போன் போட்டால், எங்கும் தட்டுப்பாடாம். திரும்பிய டிரம்மை அரைமணி நேரத்தில் இன்னொரு கடை எடுத்துக்கொண்டதாம். எந்தக் கடை? என் கொழுந்தன் கடை!

வியாழக்கிழமை காலையில் அவரை இழுத்துக்கொண்டு போனேன். கடை வாசலில் தலை குனிந்தபடி நின்றார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, கொழுந்தன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

"டிரம்ம எடுத்துட்டுப் போங்க அண்ணி" என்றான். பிறகு அண்ணனைப் பார்த்தான். "எனக்கு மொத டிரம் வந்தப்ப நானும் தராசுலதாண்ணே வெச்சேன். அப்பா பழக்கிவிட்டது போகுமா? உன்கிட்ட சொல்லிச் சிரிக்கணும்னு அன்னிக்கே போன் பண்ணேன். நீ எடுக்கல."

என் வீட்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் தாங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"எத்தன கிலோடா இருந்துச்சு?"