முக்கால் மணி நேரம் முந்திய கடிகாரம்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. வயதில் மூத்த மேஸ்திரி மட்டும் "என்னம்மா" என்பார். அவர்கள் போன்களில் ஓடிய செயலி அவள் எழுதியது.

அதற்கு முன் அவள் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தாள். அங்கே எல்லாத் தகவலும் ஒரே சர்வரில் குடியிருந்தது. அது படுத்துவிட்டால் மொத்த அலுவலகமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டிலும் அவள் அப்படித்தான் வளர்ந்தாள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதையும் அப்பாதான் முடிவு செய்வார். அவர் வெளியூர் போனால், மழை அடித்தாலும் ஜன்னல் திறந்தே கிடக்கும். நடுவில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் பதில் சொல்கிற ஏற்பாட்டின் மேல் அவளுக்கு வந்த கசப்பு அந்த ஜன்னலிலிருந்தே தொடங்கியது. அதைக் கொள்கை என்று அவள் சொல்லிக்கொள்வாள். பிடிவாதம் என்றாலும் தப்பில்லை.

அந்தப் பிடிவாதத்துக்குத் தம்பியின் வேலை வாகாக அமைந்தது. லிஃப்ட் ஓடுகிற கிணற்றுக்குள்ளும் அடியில் இருக்கிற குழிக்குள்ளும் போன் சிக்னல் எட்டாது. மொட்டை மாடியில் மோட்டார் அறையில் நிற்பவனுக்கும் கீழே குழியில் குனிந்திருப்பவனுக்கும் நடுவில் மொத்தக் கட்டடமும் இருக்கும். ஆகவே அவள் சர்வரே இல்லாத ஒரு தரவுத்தளத்தை வைத்து அந்தச் செயலியை எழுதினாள். ஒவ்வொரு போனிலும் முழுப் பிரதி இருக்கும். இரண்டு போன்கள் பக்கத்தில் வந்தால், இணையம் இல்லாமலே தங்களுக்குள் பேசி, உன்னிடம் இல்லாதது என்ன, என்னிடம் இல்லாதது என்ன என்று கொடுக்கல் வாங்கல் செய்துகொள்ளும். படியேறி இறங்குகிறவர்களின் சட்டைப் பையிலேயே செய்தி மேலும் கீழும் போய்ச் சேரும். ஒரே லிஃப்டைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால், எது பிந்தி எழுதப்பட்டதோ அதுவே செல்லும். 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று போட்டால் சிவப்பு. 'வேலை முடிந்தது, ஓட்டலாம்' என்றால் பச்சை.

"ஊர்ல உள்ள போனையெல்லாம் நெட் இல்லாம பேச வைக்கிற. எனக்கு வாரத்துக்கு ஒரு போன் போட உன்னால முடியல" என்று அம்மா குத்திக் காட்டினாள்.

"பக்கத்துல வந்தாத்தாம்மா பேசும்."

"அப்ப வா."

செயலி வருவதற்கு முன் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழியில் இறங்குகிறவன் மோட்டார் அறையின் மெயின் சுவிட்சை அணைத்து, அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்குவான். அவன் ஏறி வந்து திறக்காமல் மின்சாரம் வராது. பூட்டைக் கைவிடும்படி யாரும் சொல்லவில்லை. கையில் போன் இருக்கும்போது, ஒரு பூட்டுக்காக அத்தனை மாடி ஏறி இறங்குவானேன் என்று கால்களே தீர்மானித்துவிட்டன. இது அவளுக்குத் தெரியும். தன் செயலி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக அதை எடுத்துக்கொண்டாள்.

அன்று காலை, தான் எழுதியது நேரில் ஓடுவதைப் பார்க்க அவளே வந்திருந்தாள். பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. வரவேற்புக் கூடத்தில் கால் ஆடும் ஒரு மேஜை. அதில் மடிக்கணினியை வைத்து, லிஃப்ட் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். மேஸ்திரி மேலே மோட்டார் அறையில் மெயினை அணைத்துத் தன் பங்கு வேலையை முடித்துவிட்டு, அங்கேயே கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்து தம்பியின் முறை. குழிக்குள் நின்றபடியே லிஃப்டை நிறுத்துகிற சுவிட்ச் பழுது. அதைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும்.

அவனோடு நின்றவனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

"அக்கா! இந்தத் தடவை உன் ஆப்பு எங்களுக்கு ஆப்பு வைக்காதுல்ல?"

"வாயை மூடிட்டு மேல போடா. பச்சை ஆனதும் மெயினைப் போடு. பில்டிங் மேனேஜர் காலையிலேர்ந்து உயிரை எடுக்கிறாரு" என்றான் தம்பி.

அவன் தரைத்தளக் கதவைத் திறந்து ஏணி வழியாக இறங்கினான். குழந்தைகள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று மேனேஜர் முணுமுணுத்ததால், கதவை உள்ளிருந்தே இழுத்துச் சாத்தினான். அதற்கு முன் போனில் சிவப்பைப் போட்டிருந்தான். அது ஸ்பீக்கரின் போனுக்கும் அவள் மடிக்கணினிக்கும் அந்த நொடியே வந்து சேர்ந்தது. ஸ்பீக்கர் படியேறிப் போனான்.

அவள் திரையைப் பார்த்தாள். சிவப்பு. நடுவில் யாருமில்லை, அனுமதி கேட்க ஒருவருமில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரிகிறது. தான் செய்த எதையும் அவ்வளவு சீக்கிரம் மெச்சிக்கொள்ளாதவள் அன்று மனதுக்குள் கொஞ்சம் மெச்சிக்கொண்டாள்.

மேஸ்திரி டீ குடிக்க இறங்கி வந்தார். அவர் கடைசிப் படியில் கால் வைத்தபோது அவள் திரை பச்சையானது.

"பாத்தீங்களா மேஸ்திரி, நீங்க பக்கத்துல வந்ததும் உங்க போன்லேர்ந்து எடுத்துக்கிச்சு" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எதைம்மா?"

"பச்சை. வேலை முடிஞ்சுதாம்."

"அது நான் போட்டது. மேல என் வேலை முடிஞ்சப்ப போட்டேனே. தம்பி குழியில இறங்குறதுக்கு முன்னாடியே."

சிரிப்பு அவள் முகத்திலேயே நின்றது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. லிஃப்ட் கதவு எதிரில் மூடியபடி இருந்தது. அந்த வழியாக யாரும் வெளியே வரவில்லை. அவள் இவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

பச்சைக்குப் பக்கத்தில் அது எழுதப்பட்ட நேரம் இருந்தது. மடிக்கணினியின் மூலையில் இப்போதைய நேரம் இருந்தது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மேஸ்திரியின் பச்சை, இன்னும் வராத ஒரு நேரத்தில் எழுதப்பட்டிருந்தது.

"மேஸ்திரி, உங்க போன்ல மணி என்ன?"

"அது முக்கால் மணி முந்தி வச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல நான் ஒருநாள் லேட்டா வந்தது கிடையாது தெரியுமா?"

எல்லாரும் படுக்கையறைக் கடிகாரத்தில் செய்கிற விளையாட்டுத்தான். அவர் போனில் செய்திருந்தார். தம்பியின் சிவப்பு உண்மையில் பிந்தியது. மேஸ்திரியின் கடிகாரமோ பச்சையைத்தான் பிந்தியது என்றது. படிக்கட்டில் அவரும் ஸ்பீக்கரும் தோள் உரசித்தான் கடந்திருப்பார்கள்; பச்சை அப்போதே அவன் போனுக்கும் தாவியிருக்கும்.

"ஸ்பீக்கர் போன்ல..." என்று தொடங்கினாள். அதற்குள் தலைக்கு மேலே எங்கோ மோட்டார் முனகியது.

மின்சாரம் வந்ததும் அந்த லிஃப்ட் யாரும் கூப்பிடாமலே தரைத்தளத்துக்கு இறங்கும். குழியிலிருந்து அதை நிறுத்தக்கூடிய சுவிட்ச் கழற்றப்பட்டுக் கிடந்தது, அதன் ஒயர்கள் தற்காலிகமாக ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருந்தன.

அவள் ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். தம்பியைப் பேர் சொல்லிக் கத்துவதாக நினைத்தாள்; வெறும் சத்தம்தான் வந்தது. மேஸ்திரி பதறவில்லை. அவளை விலக்கிவிட்டு, இடுப்பில் தொங்கிய சாவியைக் கதவின் மேல் துளையில் குத்தித் திருப்பினார். கதவு ஒன்று திறந்திருந்தால் லிஃப்ட் ஓடக் கூடாது என்பது அந்த இயந்திரத்தின் பழைய சட்டம். அதற்கு எந்தப் போனிடமும் கேட்க வேண்டியதில்லை. கதவு விலகியது. கயிறுகள் அதிர்ந்து நின்றன.

லிஃப்டின் அடிப்பாகம் அவர்கள் முழங்காலுக்கு நேரே, எண்ணெய்க் கறையோடு தொங்கியது. அதற்கும் கீழே இருட்டு.

"டேய்" என்றார் மேஸ்திரி.

அவர் மண்டியிட்டு இருட்டுக்குள் தலையை நீட்டினார்.

"டேய், இருக்கியாடா?"

இருட்டிலிருந்து குரல் வந்தது. "இருக்கேன்."

அவன் குழியின் தரையில் குப்புறப் படுத்திருந்தான். மெயினை மறுபடி அணைக்க மேஸ்திரி அத்தனை மாடியும் ஓடினார். ஸ்பீக்கர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தான். அவன் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை, அன்று கேட்டார்கள்.

"பச்சைதான் அக்கா காட்டுச்சு. சத்தியமா பச்சை."

தம்பி ஏணியில் ஏறி வந்து தரையில் உட்கார்ந்தான். முழங்கை உரிந்திருந்தது, வேறொன்றுமில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்க முடிந்திருக்கும்.

"உன்கிட்டயும் பச்சையா காட்டுச்சா?"

"ஆமா."

"எல்லார் போன்லயுமா?"

"எல்லார் போன்லயும்."

"ஆனா நான் உள்ளதானக்கா இருந்தேன்."

அவள் மேஜைக்கு வந்தாள். மடிக்கணினி இன்னும் பச்சையாகவே இருந்தது. எல்லாப் பிரதிகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மாதக்கணக்கில் உழைத்தாள். ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒரு பிரதியாவது முரண்டு பிடித்திருந்தால் யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். நடுவில் உட்கார்ந்து ஆணையிடுகிறவரை வெளியே அனுப்பிவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். அவர் போகவில்லை, ஒரு மனிதரின் சட்டைப் பையில், முக்கால் மணி நேரம் முந்திய கடிகாரமாக உட்கார்ந்திருந்தார். அதை நம்பு என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

வீட்டுக்குப் போய், பிந்தியதே செல்லும் என்ற அந்த விதியை நீக்கினாள். இனி எந்தக் கடிகாரத்தையும் செயலி கேட்காது. சிவப்பைப் போட்டவன் எவனோ, அவனே வந்து எடுத்தால்தான் எடுபடும். இரண்டு போன்களுக்குள் சண்டை வந்தால் சிவப்புதான் நிற்கும். எழுதி முடித்தபோது வரிகள் மிகவும் குறைவாக இருந்தன. இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. சட்டைப் பையில் சாவியோடு இறங்கிய பூட்டு இதையேதான் செய்துகொண்டிருந்தது.

பூட்டும் திரும்பி வந்தது. மேஸ்திரி கடிகாரத்தைச் சரி செய்துவிட்டு, மறுநாளே வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாமதமாக வந்து வாசலில் நின்றார். ஸ்பீக்கர் போய் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

அதே கட்டடத்தில் பாதியில் விட்ட வேலையைத் தம்பி முடிக்கப் போனபோது அவளும் போனாள். மெயினைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தவன், சிவப்பைப் போட்டுவிட்டுக் குழிக்குள் போனான். மேஸ்திரி போனோடு வந்தார், ஸ்பீக்கர் போனோடு போனான், சிவப்பு அசையவில்லை. அவள் மடிக்கணினியை மூடிவிட்டு, நாற்காலியை இழுத்துக் கதவுக்கு எதிரிலேயே போட்டுக்கொண்டாள். இந்த முறை கதவு திறந்தே இருந்தது. மேனேஜர் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தம்பி கை துடைத்துக்கொண்டே ஏறி வந்தான்.

"வெளிய வந்துட்டேன்னு போட்டுட்டேன். பாக்கலையா?"

"இல்ல" என்றாள். அவன் உரிந்த முழங்கையில் புதுத்தோல் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.