நான் சொட்டு விட, அவர் உதைக்க

இந்தப் பிரெஞ்சு ஊரில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் மரக்கறி வாங்கும் கடைக்குப் பக்கத்தில் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். சின்னது, நீல நிறம். சொந்தக்காரர் பாண்டிச்சேரி ஐயா ஒருவர், ஓய்வுபெற்றவர். குளிர்காலம் முழுக்க அது கிளம்பவில்லை. சனிக்கிழமைதோறும் அவர் உதைப்பார். நான் பையோடு நின்று பார்ப்பேன். ஊரில் எங்களிடமும் இதே வண்டிதான் இருந்தது. அந்தச் சத்தத்தை ஒருதரம் கேட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஐயா அதைப் பற்றி நிறையப் படித்தவர். ஜப்பானில் நூடில்ஸ் கொண்டுபோகிற ஆள் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மற்றக் கையால் ஓட்டவேண்டுமென்றுதான் கிளச் பிடியே இல்லாமல் செய்தார்களாம். பாவாடை கட்டிய பெண்களும் ஏறட்டுமென்று பெற்றோல் நிரப்பும் தாங்கியை ஆசனத்துக்குக் கீழே வைத்து நடுவைத் தாழ்த்தினார்களாம். ஐம்பது, எழுபது, தொண்ணூறு சி.சி. என்று இஞ்சினை வளர்த்தபோதும் அந்த உருவத்தை விடவில்லையாம். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். ஆனால் இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. சேலையோடு அதை ஓட்டினவள் நான். முன் தகடு சேலைக் கரையில் ஒரு பொட்டுச் சேறு படவிடாது.

மிச்ச வேலையை என் மனுசன் செய்தார். சண்டையால் பெற்றோல் வராத காலத்தில், இஞ்சினுக்குள் ஒரு தகட்டைக் கூட்டிவைத்து மண்ணெண்ணெயில் ஓடப்பண்ணினார். ஆனால் மண்ணெண்ணெயில் அது கிளம்பாது. முதலில் காபிரேற்றர் வாய்க்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விடவேண்டும். இருமல் மருந்துப் போத்தலில் வைத்திருந்து நான் சொட்டு விட, அவர் உதைப்பார். பிடித்தவுடன் நான் பாய்ந்து பின்னால் ஏறிவிடவேண்டும். நின்றுவிட்டால் இன்னும் நாலு சொட்டுப் போய்விடும்.

இடம்பெயர்ந்த அன்று வண்டியைச் சுவரோடு சாத்திவிட்டு வந்தோம். இங்கே திரான்சியில் அவர் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும், அது மழையில் நனையுமே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை ஐயா உதைத்துக் களைத்து, பழைய இரும்புக்குக் கொடுத்துவிடப்போகிறேன் என்றார்.

“ஐயா, கோவிக்காதேங்கோ. அந்தக் காத்துக் குழாயைக் கழட்டிப்போட்டு, ஒரு சின்னப் போத்தல்லை பெற்றோல் எடுத்துத் தாங்கோ.”

“உங்களுக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?”

“ஓம்.”

சிரித்துக்கொண்டேதான் எடுத்துத் தந்தார். சொட்டு விட்டேன். “இப்ப உதையுங்கோ” என்றேன். இரண்டாம் உதைக்குப் பிடித்தது. அதே சத்தம். புகையில்தான் மண்ணெண்ணெய் மணம் இல்லை.

என் கை தன்பாட்டில் பின் ஆசனத்தைப் பிடித்துவிட்டது. குழாயை மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்த ஐயா திரும்பிப் பார்த்தார்.

“ஏறுறீங்களாம்மா? ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

கையை எடுத்தேன். “நீங்கள் போங்கோ. இடையிலை நிப்பாட்டிப்போடாதேங்கோ.”

அவருடைய தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தது, நின்றாலும் சொட்டுக்குப் பஞ்சமில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சத்தம் தெருமுனையில் திரும்பியது. மேலே பாலத்தில் போன மெத்ரோ ரயிலின் இரைச்சலில் அமிழ்ந்து, மறுபடி கேட்டது. அது கேட்காமல் போகும்வரை நின்றேன். போத்தலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூடியை இறுக்கிப் பைக்குள் நிமிர்த்தி வைத்தேன்.