ஏழு இலை பார்த்து வெட்டிய ரோஜா

நர்சரியில் சேர்ந்த மூன்றாவது மாதம், நான் ஒரு நல்ல ரோஜாக் கிளையைக் காட்டுக் கிளை என்று சாதித்து வெட்டிப் போட்டேன். இப்போது வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே கத்தரியைக் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகிற ரோட்டில் எங்கள் நர்சரி. ரோஜா எல்லாம் ஒட்டுச் செடி. காட்டு ரோஜாத் தண்டில் நல்ல ரோஜாவின் துளிர்க் கண்ணை வைத்துக் கட்டுவோம். கட்டிய இடம் முடிச்சு மாதிரி புடைத்திருக்கும். அதற்குக் கீழே துளிர்ப்பது காட்டுக் கிளை. செடியின் சத்தையெல்லாம் அதுவே தின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்க முதலாளி எனக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். "காம்புக்கு அஞ்சு இலை இருந்தா நம்முது. ஏழு இருந்தா காட்டு. யோசிக்காம வெட்டு."

ஒரு நாள் வளையல் கடை பாயின் மனைவி ஷம்ஷாத் அக்கா வந்து, எங்களிடம் வாங்கிய செடியில் ஒரு கிளை மட்டும் தனியாக ஓடுகிறது என்றார். முதலாளி என்னை அனுப்பினார். தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. ஊருக்கே தெரியட்டும் என்று கத்தரியை சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டேன்.

கிளை இடுப்பு உயரம் இருந்தது. இலையை எண்ணினேன். ஏழு. அக்காவுக்கும் எண்ணிக் காட்டினேன்.

"நல்லா தளதளன்னு வந்துக்கினு இருக்குதே தம்பி. கொஞ்சம் பாத்து வெட்டேன்."

காட்டுச் செடி அப்படித்தான் ஏமாற்றும் என்று சொல்லி, அடியோடு வெட்டினேன்.

மிச்சம் எதுவும் இருக்கிறதா என்று அப்புறம்தான் மண்ணை விலக்கிப் பார்த்தேன். வெட்டிய இடம் முடிச்சுக்கு இரண்டு விரல் மேலே இருந்தது. அப்படியென்றால் அது நல்ல கிளை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, "சரியாயிடும்க்கா" என்றேன். அவர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வளையல் கடை இருக்கும் தெருவுக்கே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

நாலு மாதம் கழித்து அக்கா ஒரு பெயின்ட் டப்பாவோடு நர்சரிக்கு வந்தார். டப்பாவில் ஒரு சாண் உயரச் செடி, நுனியில் ஒரு பூ. நாங்கள் விற்ற அதே ரோஸ் நிறம். நான் வெட்டிப் போட்ட கிளையைத் துண்டு துண்டாக நட்டிருக்கிறார். மற்றதெல்லாம் காய்ந்துபோக, ஒன்று பிழைத்திருக்கிறது.

டப்பாவை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது இன்னா செடி தம்பி? நீயே எண்ணிச் சொல்லு."

நான் எண்ணவில்லை. மண்ணை மூடியது வரை எல்லாவற்றையும் முதலாளியிடம் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் தானே இலையை எண்ணினார். எழுந்து போய், விற்பனைக்கு வைத்திருந்த செடிகளில் எண்ணினார். அங்கும் இங்குமாக ஏழு இலை இருந்தது. திரும்பி வந்து, "அந்த ஏழு இலை ரூல் நான் சொன்னதுதாங்க" என்று மெதுவாகச் சொல்லி, வேறு செடி தருவதாகச் சொன்னார்.

"செடி வாணாங்க. தம்பி வந்து இத தொட்டில மாத்தி வச்சிட்டுப் போவட்டும்" என்றார் அக்கா. "கத்தரி இல்லாம வரட்டும்."

அப்படியே போய் வைத்துவிட்டு வந்தேன். நீங்களும் இலையை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். மண்ணை விலக்கி, கிளை எங்கே பிறந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். தவறிப்போய் வெட்டிவிட்டால், மண்ணை மட்டும் மூடாதீர்கள்.