கீழ்த்தளத்தில் ஓர் ஏரி

உங்கள் ஊர்க் கலைக்கூடத்தின் சுவரில் எந்தப் படம் தொங்க வேண்டும் என்று உங்களை யாராவது கேட்டதுண்டா?

கனடாவில், சுப்பீரியர் ஏரிக்கரையில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஐலியை யாரும் கேட்டதில்லை. அவளும் தோழி நோர்மாவும் ஒரே பாறையில் உட்கார்ந்து ஒரே ஏரியை வரைந்தவர்கள். கலைக்கூடம் நோர்மாவின் படத்தை மட்டும் வாங்கியது. அன்றிலிருந்து ஐலிக்கு வயிறு எரிந்தது. நோர்மா சுட்டுத்தரும் ஏலக்காய் ரொட்டிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. ஊரே அந்தப் படத்தின் முன்னால் வாய்பிளந்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, கலைக்கூடத்து வாசலையே மிதிக்காமல் இருந்தாள்.

"என்னடி பெரிய ஓவியரே, உன் கையெழுத்துக்கு வரிசையில நிக்கணுமா?" என்று குத்துவாள்.

"ஆமாண்டி, நீ கடைசியில நில்லு" என்பாள் நோர்மா.

ஒரு ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகளைக் கலைக்கூடத்துக்கு ஏற்றிவந்தவள், குளிர் தாங்காமல் தானும் உள்ளே போனாள். வந்தது வந்தோம், நாலு குறையாவது கண்டுபிடிப்போம் என்று அறை அறையாகத் தேடினாள். நோர்மாவின் படம் எங்கும் இல்லை. சுவரெல்லாம் ஏரிகள்தான். ஆனால் எல்லாம் டொராண்டோவிலிருந்து ஒரு கோடைக்கு வந்து, கொசுக்கடி பொறுக்காமல் ஓடிய ஆண்கள் வரைந்தவை.

"அந்தப் படமா? கீழ்த்தளத்துக் கிடங்குல இருக்கும்மா. வாங்கின நாள்லேருந்து அங்கதான்" என்றார் காவலாளி.

பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு நோர்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பொறாமைப்படுறத நிறுத்திடுவே. இந்த ஊர்ல என்னைப் பெரிய ஆளா நினைச்சது நீ ஒருத்திதானே."

ஐலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு கலைக்கூடத்துக்குத் திரும்பினாள்.

"கிடங்கைப் பார்க்க முன்கூட்டியே கேக்கணும், மேடம்" என்றார் அங்கிருந்த அலுவலர்.

"இப்போ கேட்டாச்சு. திறங்க."

இருட்டுத் தட்டிலிருந்து படத்தை உருவிக் காட்டினார்கள். பனி உடையும் ஏரி. ஐலி வெகுநேரம் பார்த்தாள். தன்னுடையதைவிட நன்றாக இருந்தது. வயிறு மறுபடி எரிந்தது.

"சனியனே, நல்லாத்தான்டி வரைஞ்சிருக்கே."

படம் இன்னும் மேலே வரவில்லை. பரிசீலிக்கிறார்களாம்! ஊரார் வரிப்பணத்தில் வாங்கியதை ஊரார் பார்க்கப் பரிசீலனை எதற்கு? ஐலி வாராவாரம் போய்ச் சண்டை போடுகிறாள்.

நீங்களும் போங்கள். உங்கள் கலைக்கூடத்தின் கிடங்கில் யார் யாருடைய படங்கள் முடங்கிக் கிடக்கின்றன என்று கேளுங்கள். வெளியே எடுத்துத் தொங்கவிடும்வரை விடாதீர்கள்.