தெருவில் நீட்டிய பாவு

ரங்கூனில் ஆறு மாதம் சுற்றிவிட்டு நண்பர்களோடு காஞ்சிபுரம் வந்து சேர்ந்தேன். கப்பல் சாப்பாடு வயிற்றைக் கலக்கியதால் வீட்டுக்கு விரைந்தால், தறியில் ஏற்றப்போகும் பட்டுநூல் பாவைத் தெரு நெடுக நீட்டியிருக்கிறார்கள். கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அன்றும் இதே அவசரத்தோடுதான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தேன். பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த அப்பா கத்தினார்: "நூலுக்கடியில பூந்தின்னா காலை ஒடிச்சிருவேன்! சுத்திக்கினு போடா!" சுற்றினேன். தெருக்கோடி வரைதான் வயிறு தாங்கியது. அப்புறம் தெருவே சிரித்தது.

இப்போது பாவுக்கு அந்தப்பக்கம், எங்கள் வாசலில், என் மனைவி.

"ஈர நூலு, தாண்டிடாதீங்க! சுத்திக்கினு வாங்க!"

நாசமாய்ப் போக! வேட்டியைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினேன்.

"பொண்டாட்டியப் பாத்ததும் ஓடறாம்பா!" என்று பின்னால் நண்பர்கள் கூவினார்கள்.

நின்று விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை.