மாட்டுக்குக் கொடுத்த கண்ணி

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன். இதுவரை எழுதியது குறைவு, பேசியது அதைவிடக் குறைவு. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டுமென்றால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அப்படிப்பட்டவன் ஒரு நாள் ஏலத்தோட்டத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வீடு சிலமலையில், வேலை மலைமேல். மழைக்கு முன்னால் ஏலச்செடிகளுக்கு நிழல் தரும் மரங்களைக் கவாத்து செய்ய வேண்டும். என் மச்சினன் மரத்தில் ஏறிக் கிளையை அறுப்பான். நான் கீழே நின்று, செடி நசுங்காமல் கயிற்றில் இறக்குவேன். முடிச்சுப் போடுவதும் நான்தான். இருபது வருடமாக என் முடிச்சு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. எனக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது அதுதான்.

போன கவாத்துக்கு மச்சினன் கொச்சியிலிருந்து புதுக் கயிறு வாங்கி வந்தான். படகுக்காரர்களுக்கு விற்கிற கடையாம். சுண்டுவிரல் தண்டிதான் இருந்தது. பழைய நைலான் வடம் நனைந்தால் அதைச் சுமக்கவே தனியாக ஆள் வேண்டும். இதுவோ தண்ணீரே குடிக்கவில்லை. சுருள் முழுவதையும் ஒரு தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"இரும்புக் கம்பிய விட பலம் மச்சான். ஜீப்பையே இழுக்கும்."

முதல் நாளே இழுத்தும் காட்டியது. கயிற்றின் இரண்டு முனையிலும் கம்பெனியிலேயே பின்னிக் கொடுத்த கண்ணி இருந்தது. ஒன்றைச் சேற்றில் மாட்டிய ஜீப்பிலும், மற்றதை டிராக்டரிலும் மாட்டினோம். பல் பிடுங்கியதுபோல ஜீப்பு வெளியே வந்தது. மலையாளி சூப்பர்வைசர் கயிற்றைத் தொட்டுக் கும்பிடாத குறை.

அன்று சாயங்காலமே மச்சினன் ஒரு கண்ணியை ஐந்து முழக் கயிற்றோடு நறுக்கி என் கையில் கொடுத்தான்.

"ரெண்டு வளையம் எதுக்கு? மரத்துல சிக்கும். அக்கா மாட்டைக் கட்டட்டும்."

கண்ணியை முளையில் மாட்டி, மறுமுனையை மாட்டின் கழுத்தில் முடிச்சுப் போட்டேன். காலையில் மாடு பக்கத்துக் காட்டுச் சோளத்தில் நின்றது. கண்ணி முளையிலேயே இருந்தது. என் முடிச்சைத்தான் காணவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் இரட்டை முடிச்சுப் போட்டேன். மாடு இன்னும் தூரமாகப் போயிருந்தது.

"மரத்தையே கட்டுற மனுசன். ஒரு மாட்டைக் கட்டத் தெரியல" என்றாள் என் மனைவி.

கயிற்றை நான் சந்தேகப்படவே இல்லை. எனக்குக் கை தளர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதுவரை தோட்டத்தில் சின்னக் கிளைகள்தான், பழைய வடமே போதுமாக இருந்தது. நாலாம் நாள், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரின் ஓட்டுக்கூரைமேல் சாய்ந்திருந்த பெரிய கிளை. மச்சினன் ஏறி, கண்ணி இருந்த முனையைத் தலைக்கு மேலே ஒரு கவட்டையில் மாட்டினான். நறுக்கிய முனை அவன் இடுப்பில், ஏறுமுன் நான் போட்ட முடிச்சில் இருந்தது. முடிச்சுக்கு வெளியே ஒரு முழம் நுனி விட்டிருந்தேன். அவன் கயிற்றில் சாய்ந்து நின்றபோது அண்ணாந்து பார்த்தேன். ஒரு சாண்தான் தொங்கியது.

சொன்னால் மாட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் நிற்கிறார். காய் எடுக்கும் பெண்கள் எட்டுப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ரெண்டு தடவை செருமினேன்.

"எந்தா சேட்டா, தொண்ட வேதனையா?" என்றார் சூப்பர்வைசர்.

மேலே பார்த்தேன். சாணும் குறைந்திருந்தது.

"மாப்ளே! மாடு அவுந்துருச்சு!"

பெண்கள் செடிகளுக்குள் மாட்டைத் தேடினார்கள். ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைமேல் ஏறிவிட்டாள்.

"இங்க எங்க மச்சான் மாடு?"

"வீட்டு மாடு! மூணு நாளா அவுந்துருச்சு!"

"அதுக்கு மரத்துல இருந்துக்கிட்டு நான் என்ன செய்ய? ரம்பத்தை அனுப்பு!"

"இதே கயித்துல கட்டுனேன்டா! முடிச்சு தானா வழுக்குது! இடுப்பப் பாரு!"

பார்த்தான். நாலு விரல்தான் மிச்சம். மரத்தை ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டான். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதுகூட அவனிடம் அவ்வளவு பயபக்தியை நான் பார்த்ததில்லை.

"மச்சான்... பழைய வடத்த அனுப்பு... வெரசா..."

ரம்பம் ஏற்றும் சிறுகயிற்றில் வடத்தை அனுப்பினேன். ஒரு கையால் மரத்தை விடாமல் அதைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"மதி, இன்னிக்கு மதி" என்று, போதுமென வேலையை நிறுத்தினார் சூப்பர்வைசர்.

தண்ணீர் குடித்துவிட்டு மச்சினன் மெதுவாகச் சொன்னான்.

"முடிச்சு நிக்காது, கண்ணியிலதான் மாட்டணும்னு கடைக்காரர் சொன்னாரு. மரத்தச் சுத்தி ஓட விட்டு எறக்குனா சூட்டுல உருகும்னாரு."

"அப்புறம்?"

"பெறகென்ன, தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

பாறைமேல் நின்ற பெண் இறங்கி வந்து என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணே, மூணு நாளா மாடு சொன்னத நீங்க இன்னைக்குத்தான் சொல்றீக?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஆனால் முடிச்சு அவிழ்ந்தது என் கையால் இல்லை என்பதில் உள்ளூர ஒரு சந்தோஷம்.

மறுநாள் புதுக் கயிற்றின் கண்ணியைக் கிளையில் சுருக்கி, மறுமுனையை முடிச்சே போடாமல் ஒரு கட்டையில் பல சுற்றுச் சுற்றி, நாலு பேர் பிடித்துக் கூரைக்கு வெளியே இழுத்தோம். பாரத்தைப் பழைய வடத்தில் நான் இறக்கினேன். ஓடு எதுவும் உடையவில்லை. மாட்டைத் தேங்காய்நார்க் கயிற்றில் கட்டினேன்.